பச்சிளங்குழந்தையின் இதயத்தில் கிருமி ஒட்டும்போது

இதயத்தின் உட்சவ்வில் தொற்று வந்தால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் அடிக்கும். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும், இடையிடையே மூச்சு நிற்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். சாதாரண ரத்தத் தொற்றிலும் இவையெல்லாம் உண்டு என்பதால், இதயத்தைச் சந்தேகிக்கத் தாமதமாகிவிடுகிறது.

பிறவியிலேயே இதயக் குறை உள்ள குழந்தைக்கு மட்டும்தான் இது வரும் என்று நினைத்துவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருந்தும் ஊட்டச்சத்தும் செலுத்தப் பெரிய சிரை வழியாக மெல்லிய குழாய் போடுகிறார்கள். அதன் நுனி இதயத்தின் வலது மேலறைக்குள் போய்விட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் உட்சவ்வை உரசும். புண்ணான இடத்தில் தட்டணுக்களும், ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப் புரதமான ஃபைப்ரினும் படியும். ரத்தத்தில் வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவோ கேண்டிடா பூஞ்சையோ அதில் ஒட்டிப் பெருகி, கட்டியாகத் திரளும். அதனால்தான் குழாய் போட்டதும் எக்ஸ்ரேயில் நுனி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

நோயைக் கண்டுபிடிக்க முதல் துணை பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே வெவ்வேறு இடங்களில் ரத்தம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது 1 மி.லி. ஒரு கிலோ குழந்தையின் உடலில் இருப்பதே சுமார் 80 முதல் 100 மி.லி. ரத்தம்தான், எடுக்கக் கை தயங்கும். ஆனால் அளவு குறைந்தால், கிருமி இருந்தும் சோதனையில் சிக்காமல் போகும். சரியான மருந்து கொடுத்தும், குழாயை எடுத்தும், அதே கிருமி மறுபடி மறுபடி வளர்கிறதா? உடனே எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுக்க வேண்டும். குழந்தையின் மார்புச் சுவர் மெல்லியது, அதனால் மேலிருந்தே படம் தெளிவாகக் கிடைக்கும். அப்படியும் ஒன்றும் தெரியாவிட்டால், சந்தேகம் தீராதவரை சில நாள் கழித்து மறுபடி எடுப்பதே சரி.

உட்சவ்வில் ஒட்டிய இந்தக் கட்டிக்குள் ரத்தக்குழாய் இல்லை, வெள்ளணுக்கள் நுழைவது கடினம். உள்ளே கிருமிகள் மெதுவாகப் பெருகுவதால் மருந்தும் எளிதில் கொல்லாது. எனவே ஆன்டிபயாடிக்கைப் பொதுவாக 4 முதல் 6 வாரம் சிரை வழியாகவே கொடுக்கிறார்கள். கல்ச்சரில் கிருமி வளராத முதல் நாளிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்கும். ஆரம்பத்தில் பெரும்பாலும் வான்கோமைசினும் ஜென்டாமைசினும். கிருமி இன்னதென்று தெரிந்ததும் மாற்றுவார்கள். இவ்விரண்டும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ஜென்டாமைசின் காதையும் கெடுக்கலாம், ஆகவே ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூஞ்சை என்றால் ஆம்போடெரிசின்-பி.

கட்டியின் துணுக்கு உடைந்து நுரையீரலுக்கோ மூளைக்கோ போகலாம். வால்வு சிதைந்து இதயம் திணறினாலோ, மருந்துக்குக் கட்டி அடங்காவிட்டாலோ அறுவை சிகிச்சையை யோசிக்க வேண்டிவரும். அதுவும் குறைமாதக் குழந்தைக்கு மிக ஆபத்தானது என்பதால் இதய மருத்துவர், அறுவை நிபுணர், பச்சிளங்குழந்தை மருத்துவர் எல்லோரும் சேர்ந்தே முடிவெடுக்கிறார்கள்.