சிங்கப்பூரில் முடிவெட்ட ஏன் 780 ரூபாய்?

கடையநல்லூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே ஒரு கட்டிங்குக்கு 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இங்கே 120 ரூபாய். வெள்ளிக்கு 65 ரூபாய் என்று போட்டால் அது 780 ரூபாய் ஆகிறது. வெட்டுகிறவரும் நம்ம பக்கத்து ஆள்தான், கத்திரியும் அதே கத்திரிதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இதில் இந்தியா உலகத்திலேயே மூன்றாவது பெரிய பொருளாதாரம் என்று வேறு சொல்கிறார்கள். எதை நம்புவது?"

தனித்தனியாக இரண்டு விஷயம் கேட்டதாக அவர் நினைத்திருப்பார். ஆனால் கட்டிங் விலையின் கதை புரிந்துவிட்டால் மூன்றாவது இடத்தின் கதையும் புரிந்துவிடும்.

ஜிடிபி என்றால் என்னவென்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு நாட்டில் ஒரு வருடத்தில் உற்பத்தியான பொருள், சேவை எல்லாவற்றின் மதிப்பு. 1934இல் சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளாதார நிபுணர் அமெரிக்க செனட்டுக்கு நாட்டு வருமானக் கணக்கைக் கொடுத்தபோதே, இதை வைத்து மக்களின் நலவாழ்வை எடைபோட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்துத்தான் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. அது இருக்கட்டும். இரண்டு நாடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு கணக்கையும் ஒரே நாணயத்துக்கு மாற்றியாக வேண்டும். சந்தை மாற்று விகிதத்தில் பெருக்குவதுதான் சுலபமான வழி. வாசகர் செய்ததும் அதைத்தான், வம்பு தொடங்குவதும் அங்கேதான்.

எல்லை தாண்டிப் போகிற சரக்குகள் மாற்று விகிதத்தோடு ஓரளவு ஒட்டியே நிற்கும். தங்கம், கச்சா எண்ணெய், செல்போன் இவற்றின் விலை ஒரு நாட்டில் ரொம்பக் குறைந்தால் யாராவது அங்கே வாங்கி இன்னொரு நாட்டில் விற்று லாபம் பார்த்துவிடுவார்கள். கட்டிங்கை அப்படித் தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னரில் ஏற்றி அனுப்ப முடியாது. 660 ரூபாய் மிச்சமாகிறதே என்று மச்சானும் மாதாமாதம் விமானம் ஏறி வரமாட்டார். ஆகவே இங்கே 120, அங்கே 780 என்று இரண்டு விலையும் ஒன்றையொன்று தொடாமல் காலகாலத்துக்கும் நிற்கலாம்.

சரி, நிற்க முடியும் என்பது புரிகிறது. ஆனால் சிங்கப்பூர் விலை ஏன் மேலே நிற்கிறது? கீழே நிற்கக் கூடாதா? பொருளாதாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இந்த இடத்தில்தான் வருகிறது. பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இருவர் 1964இல் தனித்தனியாக எழுதியது.

ஒரு சலூன்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தலை பார்ப்பார்? கடையநல்லூரானாலும் சிங்கப்பூரானாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அவருடைய வேலையில் பெரிய இயந்திரம் எதுவும் நுழையவில்லை, தாத்தா காலத்து வேகமே இன்றும் ஓடுகிறது. சிங்கப்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், சிப் தொழிற்சாலையில் நிற்கிறவர் கதை வேறு. அவர்கள் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மதிப்பு அதிகம், விற்பனை உலகச் சந்தையில், அதனால் சம்பளமும் அதிகம். இப்போது சிங்கப்பூரில் ஒரு சலூன் முதலாளி குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடுகிறார் என்று வையுங்கள். ஆள் கிடைப்பாரா? முடிவெட்டுகிறவர் கத்திரியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆளை நிறுத்தி வைக்க முதலாளி சம்பளத்தை ஏற்றுகிறார். ஏற்றிய சம்பளத்தைக் கட்டிங் விலையில் வைக்கிறார். கடை வாடகைக்கும் இதே நியாயம்தான், நிலத்தையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாதே.

கடையநல்லூருக்கு வாருங்கள். சலூன் வேலை வேண்டாம் என்று கிளம்புகிறவருக்கு இங்கே என்ன வழி இருக்கிறது? செங்கல் சூளை, வயல் வேலை, கடைச் சிப்பந்தி. வீட்டில் பெண்களுக்கு பீடி சுற்றுகிற வேலை. எல்லாமே குறைந்த கூலி. ஆகவே 120 ரூபாய்க்கு வெட்ட ஆள் இருக்கிறார். அதாவது, ஒரு ஊரின் கட்டிங் விலை சலூன்காரரின் கைத்திறமையைச் சொல்வதில்லை, அந்த ஊரில் மற்றவர்கள் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதைச் சொல்கிறது. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சலூன் விலைப்பலகையைப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாக வந்துவிழுகிறது. ஏழை நாடுகளில் சேவைகள் மலிவு. ஆகவே சந்தை மாற்று விகிதத்தில் பார்த்தால் ஏழை நாடு இருப்பதைவிடவும் ஏழையாகத் தெரியும். இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் வாங்குதிறன் சமநிலை என்ற கணக்கு, அதாவது ஒரே பொருட்களை வாங்க ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு பணம் ஆகும் என்று பார்ப்பது. 1968இல் இர்விங் கிராவிஸ் என்ற பொருளாதார நிபுணர் தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் ஐ.நா. புள்ளியியல் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய வேலை. முதலில் 1970ஆம் ஆண்டு விலைகளுக்கு 10 நாடுகளில் பார்த்தார்கள். 2017ஆம் ஆண்டுக்கான சுற்றில் 176 நாடுகள்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். இரண்டு ஊரிலும் இரண்டே பொருள்: சட்டை, கட்டிங். சட்டை எல்லை தாண்டும், அதனால் அங்கே 20 வெள்ளி, இங்கே 1,300 ரூபாய், மாற்று விகிதப்படி ஒரே விலை. சிங்கப்பூர்க்காரர் வருடத்துக்கு 20 சட்டை வாங்குகிறார், நம்மவர் 4. கட்டிங் இருவருக்கும் 12, முடி எந்த நாட்டிலும் ஒரே வேகத்தில்தானே வளர்கிறது. அவர் செலவு 544 வெள்ளி. நம்மவர் செலவு 6,640 ரூபாய், அதாவது சுமார் 102 வெள்ளி. சிங்கப்பூர்க்காரர் 5.3 மடங்கு வசதி என்கிறது சந்தை விகிதம்.

இப்போது நம்மவர் வாங்கியதையே சிங்கப்பூர் விலையில் போடுங்கள். 4 சட்டைக்கு 80, 12 கட்டிங்குக்கு 144, ஆக 224 வெள்ளி. வித்தியாசம் 2.4 மடங்காகச் சுருங்குகிறது. திருப்பி, அவர் வாங்கியதை கடையநல்லூர் விலையில் போட்டால் 27,440 ரூபாய் வரும், வித்தியாசம் 4.1 மடங்கு. இரண்டில் எது சரி? இரண்டும் சரிதான், அதுதான் இதன் அழகு. பணக்கார ஊர் விலையில் அளந்தால் நம் மலிவுச் சேவைகளுக்கு அங்கத்து மதிப்பு கிடைத்து நாம் வசதியாகத் தெரிகிறோம், நம் விலையில் அளந்தால் இடைவெளி விரிகிறது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துச் சமரசம் செய்கிறார்கள்: 3.2 மடங்கு. இந்தக் கணக்குப்படி வெள்ளி 65 ரூபாய்க்குச் சமமில்லை, சுமார் 39 ரூபாய்தான். 176 நாடுகள் என்று வரும்போது ஜோடி ஜோடியாகப் போட்ட விகிதங்கள் ஒன்றோடொன்று முரண்படும். அதைச் சரிக்கட்டத் தனிச் சூத்திரம் இருக்கிறது, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

சூத்திரத்தைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு, இரண்டு ஊரிலும் 'அதே' பொருளைக் கண்டுபிடிப்பது. பத்தமடைக் கோரைப் பாய்க்கு நார்வேயில் எந்த விலையைப் பார்ப்பீர்கள்? எத்தியோப்பியர்களின் அன்றாட உணவான டெஃப் தானியம் மற்ற நாடுகளில் கிடைத்தாலும் அபூர்வம், விலையும் அதற்கேற்ப இருக்கும். இட்லி அரிசியை பாஸ்மதியோடு ஒப்பிட்டால் கணக்கு கோணிவிடும். இதற்காகவே ஒவ்வொரு பொருளுக்கும் தரம், அளவு, பொதி என்று விவரம் எழுதிவைத்து, கடை கடையாக ஆள் போய் விலை கேட்கிறார்கள்.

அப்படிக் கிடைத்த எண்தான் 2017இல் ஒரு அமெரிக்க டாலருக்கு 20.65 ரூபாய். அந்த வருடம் சந்தை விகிதம் 65.12. ரூபாயை மூன்றில் ஒரு பங்கு விகிதத்தில் வகுத்தால் ஜிடிபி மூன்று மடங்காகத் தெரியும், உலகத்தில் 6.7 சதவீதப் பங்கோடு சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா. செய்தியில் வரும் மூன்றாவது இடம் இதுதான். பொய்யில்லை. ஆனால் உலக மக்களில் ஏறத்தாழ 17 சதவீதம் பேர் நாம். 6.7ஐ 17ஆல் வகுத்துப் பார்க்க எந்தத் தொலைக்காட்சிக்கும் நேரம் இருப்பதில்லை. தலைக்கு உலகச் சராசரியில் ஐந்தில் இரண்டு பங்கு. அதுவும் கட்டிங், சாப்பாட்டுக் கடை, வீட்டு வாடகை போன்றவற்றுக்கு உதவும் கணக்கு. பெட்ரோல் இறக்குமதிக்கும், பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்கும் ஃபீஸுக்கும் 20.65 என்று சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள்.

இந்த எண்கள் எவ்வளவு உறுதியானவை? 2005ஆம் ஆண்டுக்கான சுற்றில் சீனா முதல்முறையாகக் கலந்துகொண்டது, இந்தியா 1985க்குப் பிறகு முதல்முறையாக. அதுவரை பழைய விலைகளை இழுத்து நீட்டித்தான் ஒப்பேற்றியிருந்தார்கள். புது விலைகள் வந்ததும் இரு நாடுகளின் பொருளாதாரமும் ஏறத்தாழ 40 சதவீதம் சுருங்கிப்போனது. எந்த வயலும் காயவில்லை, எந்த ஆலையும் மூடவில்லை. கடைக்குப் போய் விலை கேட்டதுதான் புதிது.

இதனால்தான் விலை கேட்கிற, வீடு வீடாகக் கணக்கெடுக்கிற வேலைக்கு அரசு செலவு செய்ய வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சண்டை போடுவது. மகேந்திரகிரியில் ராக்கெட் இஞ்சின் சோதிக்கும்போது எனக்கும் பெருமைதான். ஆனால் 2017-18இல் எடுத்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வெளியிடப்போவதில்லை என்று 2019இல் அரசு அறிவித்தது. 2021இல் வரவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போனது. மக்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று தெரியாமல் மேலே போட்ட கணக்கில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

சரி, சிங்கப்பூர்த் தொழிலாளி அதிக மதிப்பு உண்டாக்குகிறார் என்றேன். அது மட்டும் ஏன்? இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பாபநாசத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கினார்கள். அந்தக் காலத்து இந்திய ஆலைகளில் பெரும்பாலும் இங்கிலாந்து இயந்திரங்கள்தான். இயந்திரம்தான் வளர்ச்சி என்றால் இடைவெளி மூடியிருக்க வேண்டும். ஆனால் 1910 வாக்கில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி செய்த வேலைக்கு இந்தியாவில் கிட்டத்தட்ட 6 பேர் தேவைப்பட்டார்கள் என்று பொருளாதார வரலாற்று ஆய்வாளர் கிரகரி கிளார்க் 1987இல் காட்டினார். உள்ளூர்ப் பண்பாடுதான் காரணம் என்பது அவர் சாய்வு. எனக்கு அது ஒப்பவில்லை. அதே ஆள் சிங்கப்பூர் போனதும் பல மடங்கு சம்பாதிக்கிறாரே, நாலு மணி நேர விமானப் பயணத்திலா பண்பாடு மாறிவிடுகிறது? உடல்நலம், படிப்பு, நிர்வாகம், சாலை, நீதிமன்றம் என்று சுற்றிலும் இருப்பவைதான் ஆளைத் தூக்குகின்றன என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்குப் போகாமலே பலாசாவின் விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாம். செங்கோட்டையில் ரயில் ஏறி ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூரில் இறங்குங்கள். ரூபாய் அதே ரூபாய். ஆனால் கொத்தனார் கூலி ஏறிவிடும். அங்கே கூலியை ஏற்றியதில் தொழிற்சாலையைவிட வளைகுடாப் பணத்தின் பங்கு பெரிது. வந்த பணம் வீடாகக் கட்டப்படுகிறது, வீடு கட்ட உள்ளூர்க் கை வேண்டும், கூலி ஏறுகிறது. தென்காசிப் பக்கத்து ஆட்கள் அங்கே வேலைக்குப் போவது இதனால்தான். 2009இல் பொருளாதார நிபுணர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு வறுமைக்கோட்டை மாநிலத்துக்கு மாநிலம் வேறாக வைத்ததில் இந்த விலை வித்தியாசத்துக்கு இடம் கொடுத்தது. மாநிலங்களின் தனிநபர் வருமானப் பட்டியல் வருடந்தோறும் வருகிறதே, அதில் மட்டும் புனலூர் ரூபாயையும் செங்கோட்டை ரூபாயையும் இன்னும் ஒன்றாகவே கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.