பிளாட்பாரத்துல மோதிட்டீங்களா? நேரா அலைன்மென்ட்டுக்கு ஓடாதீங்க

பிளாட்பாரம் கல்லுல சக்கரத்த இடிச்சிட்டு வர்றவங்க பெரும்பாலும் சொல்றது இதுதான்: "ஸ்டீயரிங் லேசா கோணலா நிக்குது, ஒரு அலைன்மென்ட் மட்டும் போட்டு விட்ருங்க." அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. ஏன்னா அலைன்மென்ட்ங்கறது மரைய திருப்பி கோணத்த சரி பண்ற வேலை, வளைஞ்சு போன இரும்புக்கு அது வைத்தியம் இல்ல.

டை ராட், அதாவது ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற கம்பி, லேசா வளைஞ்சிருச்சுன்னு வைங்க, சக்கரம் உள்பக்கமாவோ வெளிப்பக்கமாவோ திரும்பி நிக்கும், மெஷின்ல ஏத்தி டோ (சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற கோணம்) மட்டும் திருப்புனா நம்பர் எல்லாம் பச்சையில வந்துரும், பிரிண்ட் கையில வாங்கிட்டு நீங்களும் சந்தோஷமா கிளம்பிருவீங்க, ஆனா வளைஞ்ச ராடு அப்படியேதான் உள்ள இருக்கு. ஒருதடவ வளைஞ்ச ராட நிமிர்த்தி போடறதையும் நான் ஒத்துக்க மாட்டேன், ஸ்டீயரிங்க பிடிச்சிருக்கற பார்ட் அது, மாத்தித்தான் ஆகணும். சந்தேகமா இருந்தா ரெண்டு பக்க டை ராட்லயும் வெளிய தெரியற மரை எவ்ளோ நீளம்னு ஒப்பிட்டு பாக்க சொல்லுங்க, பெரிய வித்தியாசம் இருந்தா எதையோ மறைக்க திருப்பியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

கேம்பர், அதாவது முன்னாடி நின்னு பாத்தா சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாஞ்சு நிக்கற கோணம், அந்த விஷயம் இன்னும் தெளிவு. நிறைய சின்ன கார்கள்ல முன் சக்கரத்துக்கு கேம்பர் அட்ஜஸ்ட்மென்டே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில மோதுன பக்கம் மட்டும் கேம்பர் விலகியிருந்தா ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் இருக்கற தூண்), நக்கிள் (சக்கரம் மாட்டற பார்ட்), லோயர் ஆர்ம் (சக்கரத்த கீழ பிடிச்சிருக்கற கை) இதுல ஏதோ ஒண்ணு வளைஞ்சிருக்கு, இல்லன்னா லோயர் ஆர்ம் மாட்டியிருக்கற சப்ஃபிரேம்ங்கற சட்டம் நகர்ந்திருக்கு. லோயர் ஆர்ம் வளைஞ்சா சக்கரமே பின்னாடி தள்ளி நிக்கும், ஸ்டீயரிங்க நேரா வச்சிட்டு ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவுல உள்ள இடைவெளிய கையால அளந்து பாருங்க, கண்ணுக்கே தெரியும் சில நேரம்.

டயர்ல கவனமா இருங்க, உயிர் போற விஷயம். பக்கவாட்டுல முட்டை மாதிரி வீங்கியிருந்தா உள்ள இருக்கற கார்டு நூல் அறுந்து போச்சுன்னு அர்த்தம், காத்து இறங்கலையேன்னு ஓட்டக் கூடாது, பஞ்சர் போட்டும் சரி பண்ண முடியாது. புது டயர்தான். ஸ்டெப்னி மாட்டுங்க, அது ஒல்லியான டெம்பரரி டயரா இருந்தா பெரும்பாலும் 80 கிமீ வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும். வெளிப்பக்கம் மட்டும் பாத்துட்டு விட்ராதீங்க, ரிம்மோட உள் விளிம்பு நசுங்கினது சக்கரத்த கழட்டினாத்தான் தெரியும். வேகம் கூடும்போது ஸ்டீயரிங் ஆடுதுன்னா பேலன்சிங் (ரிம்ல சின்ன வெயிட் ஒட்டி சமன் பண்றது) போடறதுக்கு முன்னாடி ரிம் கோணலா சுத்துதான்னு மெஷின்ல சுத்த விட்டு பாக்கணும், கோணல் ரிம்முக்கு எவ்ளோ வெயிட் ஒட்டினாலும் ஆட்டம் முழுசா போகாது. அலாய் வீல்ல விரிசல் வழியா காத்து கசிஞ்சா சோப்புத் தண்ணி ஊத்தினா குமிழி வரும். அலாய சூடு பண்ணி தட்டி எடுத்து தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க, சூடு ஏறினா அந்த உலோகத்தோட வலு குறையும், அதனால எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. வெளியில உரசின கீறல் மட்டும்னா பெயிண்ட் வேலையோட முடிஞ்சது.

பின் சக்கரம் மோதியிருந்தாலும் ஸ்டீயரிங் கோணலாகும், இது நிறைய பேருக்கு தெரியாது. பின்னாடி ஆக்சில் திரும்பிட்டா வண்டி நேரா போக நீங்க ஸ்டீயரிங்க கோணலா பிடிக்க வேண்டியிருக்கும். அதனால முன் சக்கரத்துக்கு மட்டும் அலைன்மென்ட் பாக்கறது இந்த கேஸ்ல வேஸ்ட், நாலு சக்கரத்தையும் பாக்க சொல்லுங்க, வேலைக்கு முன்னாடி எடுத்த அளவு பின்னாடி எடுத்த அளவு ரெண்டையும் பிரிண்ட்ல கேளுங்க. இன்சூரன்ஸ் க்ளெய்ம் பண்றதா இருந்தா எதையும் கழட்டறதுக்கு முன்னாடியே தகவல் குடுத்து போட்டோ எடுத்து வச்சிருங்க.

மோதின உடனே ஸ்டீயரிங் ரொம்ப திரும்பியிருந்தாலோ, டயர் எங்கயாவது உரசினாலோ, ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் வழிஞ்சாலோ ஓட்டிட்டு வராதீங்க, தூக்கிட்டுதான் வரணும். எல்லாம் சரியா இருக்குன்னு வண்டி திரும்ப வந்தாலும் அடுத்து கொஞ்ச நாளுக்கு காத கொடுத்து கேளுங்க, மோதுன பக்கத்துல வேகத்தோட சேர்ந்து ஏறுற ஊளை சத்தம் கேட்டா அது பெரும்பாலும் சக்கரத்த சுத்த விடற பேரிங், அடி பட்ட அன்னிக்கே அது பல நேரம் பேசாது.