தொரட்டி பிடித்த தோள்

மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். அப்புறம் வைகாசி, ஆனியில் மாங்காய் பறிப்பு. இந்த இரண்டு சமயத்திலும் கிருஷ்ணகிரியில் என் பிசியோதெரபி அறைக்குத் தோள்வலிக்காரர்கள் கூடுதலாக வருவார்கள்.

"கையைத் தூக்கினா பாதியில சுருக்குனு பிடிக்குது சார். அதைத் தாண்டிட்டா விட்டுடுது. ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவே முடியல" என்றார் போன பருவத்தில் வந்த ஓர் அக்கா. கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கச் சொன்னேன். 60 டிகிரி வாக்கில் முகம் சுருங்கியது. 120 தாண்டியதும் தெளிந்தது.

தோள் மூட்டில் பந்து பெரிது, அது உட்காரும் கிண்ணம் சிறிது, ஆழமும் இல்லை. கை எல்லாப் பக்கமும் சுழல்வது அதனால்தான். எளிதில் நழுவுவதும் அதனால்தான். முதுகுப் பக்கம் இருக்கும் தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பும் நான்கு தசைகள் முன்னால் ஒன்று, மேலே ஒன்று, பின்னால் இரண்டு என்று பந்தைச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. இவைதான் ரொட்டேட்டர் கஃப். வெளியே தெரியும் டெல்டாய்டு தசை கையைத் தூக்கும்போது பந்தையும் சேர்த்து மேலே இழுக்கும். அப்போது பந்தைக் கிண்ணத்தோடு அழுத்தி, ஏறவிடாமல் நிறுத்துவது இந்த நால்வர் வேலை. நாள் முழுக்க அண்ணாந்து தொரட்டி பிடித்தால் இவை ஓய்ந்துபோகும். நால்வரில் மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையை எலும்போடு கட்டும் நாண் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் நெருக்குப்படும். வருடக்கணக்கில் இப்படியே போனால் நைந்து கிழியவும் கூடும்.

என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ அந்த அக்காவுக்கு எண்ணெய் தேய்த்து, சுளுக்கு என்று கையை வெடுக்கென இழுத்துவிட்டிருந்தார்கள். எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். நைந்த நாணை இழுத்தால் கிழிசல்தான் பெரிதாகும். அதற்காகக் கையைத் தூளி கட்டி மாதக்கணக்கில் அசைக்காமலும் வைக்காதீர்கள், மூட்டு இறுகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் தானாகவே வருவதும் உண்டு. அதில் அடுத்தவர் பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகாது. அதற்கு வைத்தியம் வேறு.

அக்காவுக்குக் கொடுத்த முதல் பயிற்சி எளிது. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, இடையில் சுருட்டிய துண்டு ஒன்று. அது விழாமல் முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். நான்கைந்து நாள் கழித்து, திருப்பும்போது ரப்பர் பட்டை சேர்த்தோம்.

மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்து, கையைத் தூக்கவே வரவில்லை என்றால் இந்தப் பயிற்சி வேண்டாம். உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். முழுதாகக் கிழிந்த நாணை நாள் கடத்தாமல் தைப்பதுதான் நல்லது.