மேல்கயிறும் கீழ்கயிறும் நேர்ப்படும் இடம்

திருகோணமலைக் கடற்கரையில் வலை கட்டுபவர் மேல்கயிற்றில் மிதப்பையும் கீழ்கயிற்றில் ஈயத்தையும் சீரான இடைவெளியில் கோப்பார். மிதப்பு 48 செ.மீ.க்கு ஒன்று, ஈயம் 60 செ.மீ.க்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கயிற்றிலும் முதல் மிதப்பும் முதல் ஈயமும் ஒரே நுனியில் இருக்கின்றன. மறுபடி ஒரு மிதப்புக்கு நேர் கீழே ஈயம் எங்கே வரும்?

மிதப்புகள் நிற்கும் இடங்கள் 48, 96, 144, 192, 240. ஈயங்கள் நிற்கும் இடங்கள் 60, 120, 180, 240. இரண்டு வரிசையிலும் முதலில் தென்படும் 240 தான் பொது மடங்குகளுட் சிறியது, பள்ளிக்கூடத்தில் பொ.ம.சி. என்று சுருக்கிச் சொல்வது. அதன் பிறகு 480, 720 என்று ஒவ்வொரு 240 செ.மீ.க்கும் இரண்டும் நேர்ப்படும்.

எண் சிறிதாக இருக்கும்வரை இப்படி எழுதிப் பார்ப்பதே போதும். கொஞ்சம் பெருத்தால் முதன்மைக் காரணிகளாக உடைக்கலாம். 48 = 2×2×2×2×3. 60 = 2×2×3×5. இரண்டுக்கும் பொதுவாக உள்ளவை இரண்டு 2, ஒரு 3. பெருக்கினால் 12. இது பொதுக் காரணிகளுட் பெரியது, பொ.கா.பெ. பொ.ம.சி.க்கோ ஒவ்வொரு முதன்மை எண்ணும் எந்தப் பக்கத்தில் அதிக தடவை வருகிறதோ அத்தனை தடவை வேண்டும்: நான்கு 2, ஒரு 3, ஒரு 5. அது 240.

இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் பிள்ளைகள் அதிகம் விடும் பிழை. விடையைப் பார்த்தே அதைப் பிடித்துவிடலாம். பொ.கா.பெ. தரப்பட்ட சிறிய எண்ணைத் தாண்டாது, பொ.ம.சி. பெரிய எண்ணுக்குக் கீழே இறங்காது.

எண்கள் இன்னும் பெரிதானால் உடைப்பதே பெரும்பாடு. 1927, 1763 என்ற இரண்டையும் பாருங்கள். 2, 3, 5, 7 எதுவும் இவற்றை வகுக்காது. இந்த இடத்தில் கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிவைத்த வழி கைகொடுக்கும். ஓர் எண் இரண்டு எண்களையும் மிச்சமில்லாமல் வகுத்தால், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும். ஆகவே பெரியதைச் சிறியதால் வகுத்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டு, பழைய சிறியதை அந்த மிச்சத்தால் வகுக்க வேண்டும். 1927ஐ 1763ஆல் வகுத்தால் மிச்சம் 164. 1763ஐ 164ஆல் வகுத்தால் மிச்சம் 123. 164ஐ 123ஆல் வகுத்தால் மிச்சம் 41. 123ஐ 41ஆல் வகுத்தால் மிச்சம் பூச்சியம். கடைசியாக வகுத்த 41 தான் பொ.கா.பெ. நான்கே வரி, ஒரு முதன்மை எண்ணைக்கூடத் தேடவில்லை.

பொ.ம.சி. வேண்டுமானால் இரண்டு எண்களையும் பெருக்கி 41ஆல் வகுக்கலாம். முதலில் வகுத்துவிட்டுப் பெருக்குவது கைக்கு இலகு: 1927 ÷ 41 = 47, 47 × 1763 = 82,861.

இந்தக் குறுக்குவழி இரண்டு எண்களுக்கு மட்டுமே. மூன்று பேருந்துகள் காலை 6 மணிக்கு ஒன்றாகப் புறப்பட்டு, அதன்பின் 6, 10, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை புறப்படுவதாகக் கொள்வோம். மூன்று எண்களுக்கும் பொ.கா.பெ. 1. பெருக்கினால் 900. ஆனால் 6.30க்கே மூன்றும் மறுபடி ஒன்றாகப் புறப்படும், பொ.ம.சி. 30 தான். மூன்று எண் வந்தால் முதல் இரண்டுக்குக் கண்டு, அந்த விடையை மூன்றாவதோடு சேர்க்க வேண்டும். 6, 10க்கு 30. 30, 15க்கு 30.

யூக்ளிட்டின் வழியைக் கண்ணால் பார்க்க ஒரு தரை போதும். 18 அடிக்கு 14 அடி ஹோல் ஒன்றில், வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப் பெரிய சதுர டைல் எது? 14 அடிச் சதுரம் ஒன்றை ஒதுக்கினால் 14க்கு 4 துண்டு மிஞ்சும். அதில் 4 அடிச் சதுரம் மூன்று போக 4க்கு 2 மிஞ்சும். அதில் 2 அடிச் சதுரம் சரியாக இரண்டு. விடை 2 அடி; 9 × 7 = 63 டைல்.

கடையில் ‘இரண்டடி டைல்’ என்று தருவது 60 செ.மீ. டைல். 18 அடி என்பது 548.64 செ.மீ. ஒன்பது டைல் 540, நடுவில் 3 மி.மீ. இடைவெளி எட்டு விட்டால் இன்னும் 2.4. சுவரோரம் 6 செ.மீ.க்கு மேல் வெறுமையாக நிற்கும். கணக்கு பிழையல்ல, அலகுதான் கலந்துவிட்டது. வகுக்க முன் எல்லா அளவையும் ஒரே அலகில் முழு எண்ணாக்கிக்கொள்ள வேண்டும்.

பிரபவ முதல் அட்சய வரையான 60 ஆண்டுச் சுற்றிலும் இதே சங்கதி உண்டு. வியாழனுக்கு 12 ஆண்டு, சனிக்கு 30 ஆண்டு என்று கொண்டால் பொ.ம.சி. 60. உண்மையில் அவை சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 11.86, 29.46 ஆண்டுகள் எடுக்கின்றன. வியாழனின் ஐந்து சுற்று 59.3, சனியின் இரண்டு சுற்று 58.9. அழகான கணக்குத்தான், ஆனால் தோராயம்.

வலைக்குத் திரும்பினால், இரண்டு கயிறும் ஒரே நுனியில் தொடங்காவிட்டால் என்ன ஆகும்? முதல் ஈயம் 10 செ.மீ. தள்ளி நிற்கட்டும். 48ம் 60ம் 12இன் மடங்குகள். அதனால் எந்த மிதப்புக்கும் எந்த ஈயத்துக்கும் இடையிலான தூரம் 12இன் மடங்கிலிருந்து 10 கூடியோ குறைந்தோதான் இருக்கும், ஒருபோதும் பூச்சியமாகாது. வலை எத்தனை மைல் நீண்டாலும் அவை 2 செ.மீ.க்குமேல் நெருங்கா. பொ.கா.பெ. எதற்கு உதவும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது: இரண்டு வரிசைகள் சந்திக்குமா என்பதைப் பொ.கா.பெ. சொல்லும், சந்தித்தால் அடுத்தது எவ்வளவு தூரத்தில் என்பதைப் பொ.ம.சி. சொல்லும். ஈயங்களை இன்னும் 2 செ.மீ. நகர்த்தி 12இல் தொடங்கினால் ஐந்தாவது மிதப்பும் நான்காவது ஈயமும் 192 செ.மீ.இல் நேர்ப்படும், பிறகு வழமைபோல் 240க்கு ஒரு தடவை.