நீராவிப் படகுக் கூடல்: விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

கோடை வந்துவிட்டால் பிரிட்டனில் விண்டர்மியர் ஏரியிலும் தேம்ஸ் ஆற்றிலும் நீராவிப் படகுக்காரர்கள் கூடத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் நாலைந்து பேர் உட்காரும் சிறிய படகுகள்தான். நடுவில் பாய்லர் இருக்கும், அதில் கரியோ விறகோ எரியும். நீராவிப் படகுக்காரர்களின் சங்கம் நடத்தும் சந்திப்புதானே, ஏதாவது ஆனால் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைக்கிறார்கள். அது சரியல்ல. படகுக்கும் பாய்லருக்கும் முதல் பொறுப்பாளி அதன் சொந்தக்காரர்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே சில காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான கால்வாய்களைக் கவனிப்பது கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. கடலேற்றம் எட்டாத தேம்ஸ் பகுதி என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது. இந்த நீர்வழிகளில் எஞ்சின் படகுக்கு உரிமமோ பதிவோ வாங்க மூன்றாம் நபர் காப்பீடு தேவை. வழக்கமாக போட் சேஃப்டி ஸ்கீம் என்ற படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழும் கேட்பார்கள், அதை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படகை டிரெய்லரில் கொண்டுவந்து இரண்டு நாள் மட்டும் ஓட்டுபவர் குறுகிய கால உரிமம் எடுக்க வேண்டும்.

போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ் எரிபொருள், கேஸ், மின்சாரம், தீ போன்ற விஷயங்களைப் பற்றியது. பாய்லர் அழுத்தம் தாங்கும் என்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. பலர் குழம்புவது இங்கேதான்.

பாய்லர் விஷயத்தில் சட்டத்தின் போக்கே கொஞ்சம் விசித்திரமானது. 2000ஆம் ஆண்டின் அழுத்த அமைப்புகள் பாதுகாப்பு விதிகள் நீராவியைத் தனியாகப் பிரித்து வைக்கின்றன. மற்ற வாயுக்களின் அழுத்தம் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) என்ற வரம்பைத் தாண்டினால்தான் விதிகள் பொருந்தும், நீராவிக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை, எந்த அழுத்தத்திலும் பொருந்தும். எழுத்தில் உள்ள பரிசோதனைத் திட்டம் இருக்க வேண்டும், தகுதியுள்ள ஒருவர் அதன்படி பாய்லரைச் சோதிக்க வேண்டும். ஆனால் இவை பணி, தொழில் சார்ந்த பயன்பாட்டுக்காக எழுதப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுற்றுபவரை அவை நேரடியாகப் பிடிப்பதில்லை. அவரைப் பிடிப்பது காப்பீட்டு நிறுவனம்: செல்லுபடியாகும் பாய்லர் சோதனைச் சான்று இல்லையென்றால் பாலிசி கைகொடுக்காது. பாய்லர் காப்பீடும் பரிசோதனையும் சேர்ந்தே வளர்ந்தவை. 1850களில் மான்செஸ்டரில் தொடங்கிய பழக்கம் அது. பாய்லர் வெடிப்புகளை விசாரிக்கும் சட்டம் 1882இல்தான் வந்தது.

சோதனை எப்படி நடக்கும்? சிறிய பாய்லர்களுக்காக மாடல் எஞ்சினியரிங் சங்கங்கள் (சிறிய அளவில் எஞ்சின் செய்து ஓட்டும் ஆர்வலர்களின் சங்கங்கள்) வைத்திருக்கும் நெறியில், புதிய பாய்லரில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றுகிறார்கள். அதன் பிறகு வரும் சோதனைகளில் ஒன்றரை மடங்கு. தண்ணீர் அமுங்காது, அதனால் தகடு விட்டுக்கொடுத்தாலும் ஒழுகுவதோடு போய்விடும், வெடிக்காது. அடுத்தது நீராவிச் சோதனை. நெருப்பை முழு வேகத்தில் எரியவிட்டாலும், மிஞ்சும் நீராவியைத் தானே வெளியேற்றும் சேஃப்டி வால்வு அழுத்தத்தை வேலை அளவுக்கு மேல் பத்து சதவீதத்தைத் தாண்ட விடக்கூடாது. படகு பாய்லர் பெரிதாக இருந்தால் காப்பீட்டுப் பரிசோதகரைத்தான் அழைக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று முனகுபவர்கள் 2001 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்ததைப் படிக்கலாம். மெடினா கவுண்டி கண்காட்சியில் ஒரு பழைய நீராவி டிராக்டரின் பாய்லர் வெடித்து 5 பேர் இறந்தார்கள், பல பேர் காயமடைந்தார்கள். உள்ளே தண்ணீர் குறைந்திருந்தது, நெருப்பறையின் மேல்தகடு தேய்ந்து மெலிந்திருந்தது. அதன் பிறகுதான் பழைய பாய்லர்களை இயக்க உரிமம் வேண்டும் என்று ஒஹையோ சட்டம் போட்டது.

கூடல்களில் அதிகம் சறுக்கும் இடம் பாய்லர் அல்ல, காசு. பிரிட்டனின் கப்பல் விதிகளின்படி, தனிநபரின் படகு ‘பொழுதுபோக்குப் படகு’ என்ற கணக்கில் இருக்க அதில் சொந்தக்காரரும் அவருடைய குடும்பமும் நண்பர்களுமே போக வேண்டும். அந்தப் பயணத்தின் நேரடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், அதற்கு மேல் பணம் வாங்கக்கூடாது. கரையில் வேடிக்கை பார்ப்பவர்களை ‘ஆளுக்கு ஐந்து பவுண்டு’ என்று ஏற்றிக்கொண்டால் அது வணிகப் பயணம். 12 பயணிகள் வரை சிறு பயணிகள் படகுகளுக்கான நெறி பொருந்தும். அதைத் தாண்டினால் பயணிகள் கப்பல், சான்றிதழே வேறு. நல்ல காரியத்துக்கு என்று உண்டியல் வைத்தாலும் முன்கூட்டியே காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொழுதுபோக்குப் பாலிசி எழுதிக் கொடுத்தவர் கட்டணப் பயணியை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சரி, சங்கத்துக்கு என்ன வேலை? சந்திப்பை ஒழுங்காக நடத்துவது. படகுத்துறை, கயிறுகள், வாகனம் நிறுத்துமிடம், கூட்டம் இவற்றில் சங்கத்தின் கவனக்குறைவால் யாருக்காவது அடிபட்டால் கேள்வி சங்கத்தை நோக்கி வரும். பதிவு செய்யாத சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆள்தன்மை இல்லை, ஆகவே வழக்கு செயற்குழுவினர் தலையில் விழலாம். அதற்குத்தான் பொதுப் பொறுப்புக் காப்பீடு. ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினர் மீது போடும் வழக்கையும் அது தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில பாலிசிகளில் அது தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவு. வருகிற ஒவ்வொரு படகின் காப்பீட்டையும் பாய்லர் சான்றையும் பதிவு மேசையிலேயே பார்த்துத் தேதி குறித்துக்கொள்ளும் சங்கத்தைத்தான் நான் நம்புவேன். ‘உங்கள் சொந்தப் பொறுப்பில்’ என்று கையெழுத்து வாங்குவது, அந்தப் பக்கமாக நடந்து போகிற மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்தாது.

உண்மையில் அடிக்கடி நேர்வது வெடிப்பு அல்ல, சூடு படுவது. விண்டர்மியர் படகுகளில் நீராவிச் சுருளால் நொடிகளில் தேநீர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கெட்டில் ஒன்று உண்டு. குழந்தைகள் அதைச் சுற்றியே நிற்பார்கள். விருந்தாளிகளை ஏற்றும்போதே எந்தக் குழாயைத் தொடக்கூடாது என்று காட்டிவிடுங்கள், லைஃப் ஜாக்கெட்டையும் போட்டுவிடுங்கள். நெருப்பு எரியும்வரை, பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கண்ணாடியில் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் ஆட்களைக் கவனியுங்கள். பிறகு படங்கள் எடுத்து, பார்த்தவர்களின் பெயர்களை வாங்கி, உடனே உங்கள் காப்பீட்டாளருக்குச் சொல்லுங்கள். ‘தப்பு என்னுடையதுதான், நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறேன்’ என்று அங்கேயே வாக்குக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் அதைத் தடுக்கின்றன. சங்கத்துக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும், அதன் பாலிசி வேறு நிறுவனத்திடம் இருக்கலாம்.