எங்கே நின்றால் மாடு நகரும்?

மாடு ஓட்டப் புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது கம்பு, அடுத்தது சத்தம். இரண்டுக்கும் மாடு ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் தெரியாது. நிற்கும் இடத்தை மாற்றியே மாட்டை வேண்டிய பக்கம் அனுப்பலாம். அதற்கு மாட்டின் கண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், திரும்பாமலே ஏறக்குறைய 330 பாகை வரை அதற்குத் தெரியும். வாலுக்கு நேர் பின்னால் ஒரு குறுகிய பகுதி மட்டும் மறைந்துவிடும். அங்கே போய் நின்றால், யாரென்று பார்க்க மாடு திரும்பும், இல்லையென்றால் உதைக்கும். பக்கவாட்டில் இவ்வளவு பார்க்கிற மாட்டுக்கு முன்னால் ஒரு சிறு பகுதியில்தான் இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தைக் காட்டும். தரையில் விழும் நிழல் பள்ளமா, வெறும் கறுப்பா என்று அதற்குச் சட்டென்று பிடிபடாது. தலையைத் தாழ்த்தி, மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கும். அந்தச் சில வினாடிகளை விட்டுக்கொடுத்தால் பின்னால் வரும் மாடுகளும் தயங்காமல் வரும்.

ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லை உண்டு. அதற்குள் நாம் நுழைந்தால் மாடு விலகும். வெளியே வந்தால் நிற்கும். தினமும் கை படும் கறவை மாட்டுக்கு மட்டும் இந்த எல்லை இல்லாமலே போகலாம். மனிதரை அதிகம் பார்க்காமல் மேய்ச்சல் வெளியில் வளர்ந்த மாட்டுக்குப் பல மீட்டர் இருக்கும். மிரண்டால் எல்லை இன்னும் விரியும். ஆழமாக உள்ளே புகுந்துவிட்டால் மாடு தெறித்து ஓடும், அல்லது நம்மைத் தாண்டிப் பின்பக்கம் பாயும். விளிம்பிலேயே வேலை செய்ய வேண்டும்.

இனி திசை. மாட்டின் தோள்பட்டையை ஒட்டி ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று நெருங்கினால் மாடு முன்னே போகும். கோட்டுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். குறுகிய தடுப்புப் பாதையில் மாடுகள் வரிசையாக நிற்கும்போது இதன் அழகு தெரியும். அவை போகவேண்டிய திசைக்கு எதிராக, தலையிலிருந்து வால் பக்கமாக, நாம் அருகில் நடந்து போனால் போதும். ஒவ்வொரு தோளையும் நாம் கடக்கக் கடக்க அந்தந்த மாடு முன்னே எட்டு வைக்கும். தட்ட வேண்டியதே இல்லை.

இதைவிட முக்கியமானது, விலகிக்கொள்ளத் தெரிவது. மாடு நாம் நினைத்தபடி ஓரடி வைத்ததும் நாமும் ஓரடி பின்னால் வர வேண்டும். நெருக்கம் தளர்வதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. நகர்ந்த பிறகும் விடாமல் நெருக்கினால், நகர்ந்து பயனில்லை என்றுதான் மாடு கற்றுக்கொள்ளும். பழகுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

சத்தத்துக்கும் உடலில் விலை உண்டு. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை கேட்கும். மாட்டின் காது சுமார் 35,000 வரை. இரும்புக் கதவு மோதும் ஓசை நமக்குச் சாதாரணம், அதற்கு மிரட்டல். மிரண்ட மாடு அடங்க 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும் நேரத்தில் கறவை மாடு பாலைச் சரியாகச் சுரக்கவும் விடாது.

அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், மாடுகள் போகும் பாதைக்குள் தானே இறங்கி, அவற்றின் கண் உயரத்தில் பார்த்தார். தொங்கும் சங்கிலியும், வேலியில் மாட்டிய சட்டையும், ஈரத்தரையின் மினுமினுப்பும் மாடுகளை நிறுத்துவதைக் கண்டார். அவற்றை அகற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காளையும் புதிதாகக் கன்று ஈன்ற பசுவும் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. விலகாமல் எதிர்த்து வரலாம். காளை உடலைப் பக்கவாட்டில் காட்டி, தலையைத் தாழ்த்தி, மண்ணைக் கிளறினால் ஓட்டும் வேலையை அத்தோடு விட்டுவிடுங்கள். முதுகைக் காட்டாமல், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். ஏறித் தப்ப ஒரு வழியை உள்ளே போகும் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.