குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு: ஒரு வயது வரை நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவை

ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ பிறந்து, வாரக்கணக்கில் வார்மரிலும் இன்குபேட்டரிலும் இருந்த குழந்தையை ஒருவழியாக டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அத்தோடு அரசு மருத்துவமனைக்கும் நமக்கும் உள்ள கணக்கு முடிந்தது, இனிமேல் எல்லாம் நம் கைச்செலவு என்றுதான் பல குடும்பங்கள் நினைக்கின்றன. அப்படி இல்லை. குழந்தைக்கு ஒரு வயது முடியும் வரை உங்களுக்குச் சேரவேண்டியது நிறைய இருக்கிறது.

அடிப்படைத் திட்டம், 2011 ஜூன் 1 அன்று மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம். நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குப் பிறந்த 30 நாள் வரை அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம் என்று ஆரம்பித்தது, பிறகு ஒரு வயது வரை நீட்டப்பட்டது. மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ரத்தம் ஏற்றுவது எதற்கும் பணம் வாங்கக் கூடாது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு, அப்புறம் திரும்ப வீட்டுக்கு என்று வண்டியும் இதில் அடக்கம். தமிழ்நாட்டில் தாய்சேய் ஊர்திக்கு 102, அவசரத்துக்கு 108. தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் பின்னர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அங்கே இதே சலுகை கிடைக்கும்.

சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்ப்பதும் உங்களுக்குச் சேரவேண்டியதில் ஒன்று. மருத்துவமனையில் பிறந்த எந்தக் குழந்தையையும் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும் என்பது தேசிய விதிமுறை. பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவில் நீண்ட நாள் இருந்த குழந்தைக்கு இந்த நாட்களில் பாதி மருத்துவமனையிலேயே கழிந்திருக்கும். அதனால் வீடு திரும்பியதும் மீதி வருகைகளையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரிடம்தான் இதைக் கேட்கவேண்டியிருக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால் எந்த ஊர் செவிலியர் பார்ப்பது என்ற குழப்பம் வந்து, கடைசியில் யாருமே வராமல் போவது உண்டு. டிஸ்சார்ஜ் ஆன அன்றே, தங்கப்போகும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது கண் பரிசோதனை. மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் ஒழுங்காகவே தெரியும், குழந்தை அழாது, கண்ணில் நீர் வடியாது. பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாகவேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1,200 கிராமுக்கும் குறைந்த குழந்தைக்கு இன்னும் முன்பே, இரண்டு மூன்று வாரத்திலேயே. நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையிலோ ஊசியிலோ பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு தடவை பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னாலும், டாக்டர் ‘இனி வரவேண்டாம்’ என்று சொல்லும்வரை போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

இது எவ்வளவு பெரிய உரிமை என்பதற்கு நம் ஊர் நீதிமன்ற வழக்கு ஒன்றே சாட்சி. 1996-இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29-ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைப் பரிசோதிக்கவேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தையின் பார்வை போய்விட்டது. பல வருடம் நடந்த வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வந்தது, பார்வை வரவில்லை. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதப்படவில்லை என்றால், அங்கேயே நின்று கேளுங்கள். குழந்தைகளின் உடல்நலக் குறைபாடுகளைக் கண்டறிய 2013-இல் வந்த ராஷ்டிரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் இந்தக் கண் நோயும் பிறவிக் காது கேளாமையும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் வழியாகப் பரிசோதனை, சிகிச்சை இரண்டும் இலவசம். காது கேட்கும் திறனையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரு விஷயம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். குறைமாதத்தில் பிறந்தால் அதில் இரண்டு மாதம் மருத்துவமனை வராந்தாவிலேயே போய்விடும். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது (முன்பு பேறுகால நலச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது): குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டால், மருத்துவச் சான்று கொடுத்து மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு எடுக்கலாம். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் இதேபோல ஒரு மாத நீட்டிப்பு உண்டு. பல அலுவலகங்களில் ஹெச்.ஆர். ஆட்களுக்கே இது தெரியாது. வாயால் கேட்காமல் எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, குழந்தையின் சிகிச்சை அதில் வருகிறதா என்பதைச் சேர்த்த அன்றே காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் வீட்டுப் பெரியவர்கள், ‘பிள்ளை இன்னும் சின்னதா இருக்கு, கொஞ்ச நாள் போகட்டும்’ என்பார்கள். டாக்டர் தள்ளிப்போடச் சொன்னால் ஒழிய, ஊசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. வளர்ச்சிக்கு மட்டும் குறைந்த மாதங்களைக் கழித்துக்கொள்ளவேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தை ஆறாம் மாதத்தில் செய்வதை, நாலு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிடவேண்டும்.

பிறப்புப் பதிவை மருத்துவமனையே 21 நாளுக்குள் செய்யவேண்டும். பெயர் வைக்கும் மனநிலையில் நீங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். கர்ப்பப் பதிவின்போது கொடுத்த பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், சான்றிதழுக்கு அது வேண்டும்.

வீட்டில் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லென்று ஆனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, நெஞ்சு உள்வாங்கி வேகமாக மூச்சு விட்டாலோ, துவண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை குழந்தையை அம்மாவின் மார்போடு தோல் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்தி வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.